ஆங்கில நிபந்தனை வாக்கியத்தில் ‘வாஸ்’ எங்கே, ‘வேர்’ எங்கே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஆங்கிலம் படிக்கும் மாணவர்களும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவோரும், அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதுவோரும் நிபந்தனை வாக்கியங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்து, பொருளையும் உடன் சொல்லியிருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கேள்வி: சப்ஜங்டிவ் என்பது ஒரு காலமா?

இல்லை. ஒரு செயல் எப்போது நடந்தது என்பதைக் காட்டுவது காலம். அந்தச் செயலைப் பேசுபவர் உண்மை என்று வைத்துப் பேசுகிறாரா, கற்பனை என்று வைத்துப் பேசுகிறாரா, நடக்க வேண்டும் என்ற விருப்பமாகப் பேசுகிறாரா என்பதைக் காட்டுவதை ஆங்கில இலக்கணம் ‘மூட்’ என்கிறது. நடந்ததையும் நடப்பதையும் உள்ளபடி சொன்னால் இண்டிகேட்டிவ், ஏவினால் இம்பெரேட்டிவ், இல்லாததைக் கற்பனை செய்தாலோ, ஒன்று நடக்க வேண்டும் என்று விரும்பினாலோ, வற்புறுத்தினாலோ சப்ஜங்டிவ்.

பழைய ஆங்கிலத்தில் இதற்கெனத் தனி விகுதிகள் இருந்தன. அவை நூற்றாண்டுகளில் தேய்ந்துபோய், இன்று கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று, ‘ஐ, ஹி, ஷி, இட்’ ஆகியவற்றுக்குப் பின்னும் ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வருவது. மற்றொன்று, எழுவாய் எதுவானாலும் வினையின் அடி வடிவமே மாறாமல் நிற்பது. ‘ஹி கோஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஹி கோ’ என்றும், ‘இட் இஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘இட் பி’ என்றும் வருவது. இன்றைய நிபந்தனை வாக்கியங்களில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் முதலாவதுதான். இரண்டாவது செபத்திலும் மனுவிலும் வருவதைப் பின்னால் பார்ப்போம்.

கேள்வி: பள்ளியில் ‘இஃப் கிளாஸ்’ (‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனைப் பகுதி) மூன்று வகையையும் மனப்பாடம் செய்தும் எழுதும்போது தடுமாறுகிறோம். ஏன்?

மனப்பாடம் செய்தது வாய்பாட்டை. எந்த வாய்பாட்டை எப்போது எடுப்பது என்ற முடிவைத் தமிழ் நம்மிடம் ஒருபோதும் கேட்பதில்லை. தடுமாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘நாளைக்குக் காற்று பலமாக இருந்தால் கடலுக்குப் போக மாட்டோம்.’ ‘நான் கலெக்டராக இருந்தால் இந்தச் சாலையை முதலில் போடுவேன்.’ இரண்டிலும் ‘இருந்தால்’தான் வருகிறது. ஆனால் முதலாவது நடக்கக்கூடியது. நாளைக் காலையில் காற்று அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். இரண்டாவது வெறும் கற்பனை. பேசுபவர் கலெக்டர் இல்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இந்த வேறுபாட்டைத் தமிழர் சூழலிலிருந்தே புரிந்துகொள்கிறோம், வினைச்சொல்லை மாற்றுவதில்லை. ஆங்கிலமோ வாயைத் திறந்தவுடன் இதை முடிவு செய்யச் சொல்கிறது. முதலாவதற்கு ‘இஃப் த விண்ட் இஸ் ஸ்ட்ராங் டுமாரோ, வி வில் நாட் கோ டு ஸீ.’ இரண்டாவதற்கு ‘இஃப் ஐ வேர் த கலெக்டர், ஐ வுட் லே திஸ் ரோட் ஃபர்ஸ்ட்.’

ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் நம் மனத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் சொல்லும் நிபந்தனை மெய்யாக இருக்க இடமுண்டா, அல்லது மெய் இல்லை என்று தெரிந்தே சொல்கிறேனா? இதற்கு ஒரு சோதனையை நான் எப்போதும் சொல்லித்தருவேன். தமிழில் நிபந்தனையைச் சொல்லி, அதன் பக்கத்தில் ‘ஆனால் அப்படி இல்லை’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘நான் கலெக்டராக இருந்தால், ஆனால் அப்படி இல்லை’ என்பது பொருந்துகிறது; அங்கே ‘வேர்’. ‘நாளைக்குக் காற்று பலமாக இருந்தால், ஆனால் அப்படி இல்லை’ என்பது பொருந்தவில்லை. அங்கே ‘இருக்குமா இருக்காதா தெரியவில்லை’ என்பதுதான் பொருந்துகிறது. அந்த இடத்தில் சப்ஜங்டிவுக்கு வேலை இல்லை.

கேள்வி: இன்றைக்கோ நாளைக்கோ நடப்பதைச் சொல்லும்போது இறந்தகால வடிவம் எப்படி வரும்? ‘இஃப் ஐ ஹேட் எ போட்’ என்பது விசித்திரமாக இருக்கிறதே.

தமிழருக்கு இது விசித்திரமாகத் தோன்றவே கூடாது. ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்று சொல்லும்போது ‘பெய்தால்’ என்பதில் ‘பெய்தான், பெய்தது’ என்பவற்றில் உள்ள அதே இறந்தகாலத் தகரம் இருக்கிறது. ‘வந்தால், போனால், அடித்தால், இருந்தால்’ எல்லாமே இறந்தகால அடியிலிருந்து பிறந்தவை. ஆனாலும் அவை நேற்றைக் குறிக்கின்றன என்று யாரும் நினைப்பதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘இஃப் ஐ ஹேட் எ ஃபைபர் போட், ஐ வுட் ஃபிஷ் இன் பாக் பே’ என்றால், என்னிடம் இப்போது ஃபைபர் படகு இல்லை, இருந்தால் பாக் விரிகுடாவில் மீன் பிடிப்பேன் என்று பொருள். ‘ஹேட்’ இங்கே காலத்தால் பின்னால் போகவில்லை. உண்மையிலிருந்து விலகி நிற்கிறது.

‘பி’ என்ற வினையைத் தவிர மற்ற எல்லா வினைகளிலும் இந்தக் கற்பனை வடிவமும் சாதாரண இறந்தகால வடிவமும் ஒன்றாகவே இருப்பதால், அங்கே பிழை செய்ய வாய்ப்புக் குறைவு. ‘பி’யில் மட்டும், அதிலும் ஒருமை எழுவாய்க்குப் பின் மட்டும், ‘வாஸ்’ என்றும் ‘வேர்’ என்றும் இரண்டு நிற்கின்றன. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த ஒரே இடத்தைப் பற்றியது.

கேள்வி: முதல் வகை நிபந்தனையில், அதாவது நடக்கக்கூடிய நிபந்தனையில், சப்ஜங்டிவ் வருமா?

இன்றைய ஆங்கிலத்தில் வராது. ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்பதே சரி. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகுகள் கரையில் நிற்கும் என்பதை ‘இஃப் த போர்ட் ஹாய்ஸ்ட்ஸ் எ ஸ்டார்ம் சிக்னல், த போட்ஸ் வில் ஸ்டே அஷோர்’ என்று எழுத வேண்டும். இஃப் பகுதியில் ‘வில்’ சேர்க்கக் கூடாது. ‘இஃப் இட் வில் ரெயின்’ என்பது நம் பக்கத்தில் மிகப் பரவலாகக் கேட்கும் பிழை.

கேள்வி: ‘இஃப் ஐ வாஸ் யூ’ என்று ஆங்கிலேயர்களே பேசுகிறார்களே. அப்படியானால் ‘வேர்’ கட்டாயமா?

பேச்சில் ‘வாஸ்’ பரவலாக வழங்குகிறது என்பது உண்மை. இலக்கண ஆசிரியர்களில் பலர் அதைப் பேச்சு வழக்காக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எழுத்தில், குறிப்பாகத் தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும், கற்பனை நிபந்தனைக்கு ‘வேர்’ எழுதுவதே நல்லது. ‘வேர்’ எழுதியதற்காக எந்தத் திருத்துநரும் மதிப்பெண் குறைக்க மாட்டார். ‘வாஸ்’ எழுதினால் குறைப்பவர்கள் உண்டு. அறிவுரை சொல்லும் ‘இஃப் ஐ வேர் யூ’ பேச்சிலும் பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிட்ட தொடர் என்பதால் அதை மாற்றவே வேண்டாம்.

ராமேஸ்வரத்தில் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்து 2015-இல் மறைந்த அப்துல் கலாமைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் ‘இஃப் கலாம் வாஸ் அலைவ் டுடே’ என்று தொடங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ‘இஃப் கலாம் வேர் அலைவ் டுடே, ஹி வுட் பி ஓவர் நைன்ட்டி’ என்று எழுதினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது. இன்று உயிரோடு இருந்திருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார் என்பது பொருள். தமிழில் இங்கே ‘இருந்தால்’ என்றும் சொல்கிறோம், ‘இருந்திருந்தால்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்றைய நிலையைப் பற்றிப் பேசுவதால் ‘வேர்’ போதும்.

‘தேர்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கும் இதே விதிதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடை இல்லாவிட்டால் மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் இருக்காது என்று எழுத வேண்டுமானால், தடை நடைமுறையில் இருப்பதால் இது கற்பனை: ‘இஃப் தேர் வேர் நோ பேன், த ஃபிஷ் வுட் ஹேவ் நோ டைம் டு பிரீட்.’

கேள்வி: அப்படியானால் ‘இஃப்’ வந்தால் எல்லா இடத்திலும் ‘வேர்’ போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. இந்த விதியை ஆர்வத்தோடு கற்றவர்கள் அடுத்து விழும் பள்ளம் இதுதான். நன்றாகப் படித்தவர்களும் இங்கே தவறுகிறார்கள். ‘இஃப்’ என்ற சொல் சப்ஜங்டிவைக் கொண்டுவருவதில்லை. நிபந்தனை உண்மை அல்ல என்ற பேசுபவரின் எண்ணமே அதைக் கொண்டுவருகிறது. அந்த எண்ணம் இல்லாத இடங்களில் ‘வாஸ்’ மட்டுமே சரி. அப்படிப்பட்ட இடங்கள் மூன்றை விளக்குகிறேன்.

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றிரவு இங்கே கடல் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ‘இஃப் த ஸீ வாஸ் ரஃப் லாஸ்ட் நைட், த போட்ஸ் டிட் நாட் கோ அவுட்’ என்கிறார். நேற்றிரவு கடல் கொந்தளிப்பாக இருந்திருந்தால் படகுகள் போயிருக்க மாட்டா என்று அவர் ஊகிக்கிறார். கடல் கொந்தளித்ததா இல்லையா என்பது அவருக்குத் திறந்த கேள்வி. ‘ஆனால் அப்படி இல்லை’ என்று அவரால் சேர்க்க முடியாது. ஆகவே ‘வாஸ்’. இங்கே ‘வேர்’ போட்டால் வாக்கியமே கெட்டுவிடும்.

அடுத்து, ‘எப்போதெல்லாம்’ என்ற பொருளில் வரும் ‘இஃப்’. ‘இஃப் த விண்ட் வாஸ் ஸ்ட்ராங், மை கிராண்ட்ஃபாதர் ஸ்டேட் அட் ஹோம்.’ காற்று பலமாக இருந்தால் தாத்தா வீட்டிலேயே இருந்துவிடுவார். இது பழைய நாளின் வழக்கம், மெய்யாக நடந்தது, பல முறை நடந்தது. கச்சான் காற்றும் வாடைக் காற்றும் மாறி மாறி அடிக்கும் இந்தக் கரையில் நம் பெரியவர்களின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுத முற்படும் மாணவர்களுக்கு இந்த வாக்கிய அமைப்பு அடிக்கடி தேவைப்படும். இதிலும் ‘வாஸ்’தான்.

மூன்றாவது, அயற்கூற்றுக் கேள்வி. ‘ஹி ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ஃப்ரம் கீழக்கரை.’ நான் கீழக்கரையைச் சேர்ந்தவனா என்று அவர் கேட்டார். இங்கே ‘இஃப்’ நிபந்தனையே அன்று. தமிழில் ‘சேர்ந்தவனா’ என்ற ஆகார வினாவின் வேலையைச் செய்கிறது. ‘இஃப்’ இருக்கும் இடத்தில் ‘வெதர்’ என்று போட்டுப் பார்த்துப் பொருள் மாறாமல் நின்றால் அது கேள்வி, ‘வேர்’ வேண்டாம்.

கேள்வி: நேற்று நடக்காமல் போனதைப் பற்றிப் பேசும்போதும் ‘வேர்’ வருமா? ‘இஃப் ஐ வேர் தேர் யெஸ்டர்டே’ சரியா?

சரி அன்று. ‘வேர்’ இன்றைய அல்லது நாளைய கற்பனைக்கு. சென்ற காலக் கற்பனைக்கு ‘ஹேட்’ சேர்த்து வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும்: ‘இஃப் ஐ ஹேட் பீன் தேர் யெஸ்டர்டே.’ விளைவைச் சொல்லும் முதன்மைப் பகுதியில் ‘வுட் ஹேவ்’. இதையும் சப்ஜங்டிவின் ஒரு வடிவமாகக் கணக்கிடும் இலக்கண நூல்கள் உண்டு. ஆனால் வடிவத்தில் இது சாதாரண பாஸ்ட் பெர்ஃபெக்ட்டேதான் என்பதால் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. தமிழில் ‘வந்திருந்தால், வாங்கியிருந்தால்’ என்ற வடிவம் ‘ஹேட்’ வடிவத்துக்கு நேர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நேர்தான், ஆனால் எப்போதும் அல்ல. ‘அவர் நேற்று (கடலுக்குப் போக அனுமதிக்கும்) டோக்கன் வாங்கியிருந்தால் இப்போது கடலில் இருப்பார்.’ இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. அவர் வாங்கினாரா என்று தெரியாத மனைவி சொன்னால், அது ஊகம்: ‘இஃப் ஹி காட் த டோக்கன் யெஸ்டர்டே, ஹி மஸ்ட் பி அட் ஸீ நவ்.’ வாங்காமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் காட்டிச் சொன்னால், அது கற்பனை: ‘இஃப் ஹி ஹேட் காட் த டோக்கன் யெஸ்டர்டே, ஹி வுட் பி அட் ஸீ நவ்.’ தமிழில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் வாக்கியம், ஆங்கிலத்தில் இஃப் பகுதியிலும் முதன்மைப் பகுதியிலும் வேறுபட்டு நிற்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் நிபந்தனை நேற்றையது, விளைவு இன்றையது என்பதையும் கவனியுங்கள். ‘வுட் ஹேவ் பீன்’ என்று வராமல் ‘வுட் பி’ வருவது அதனால்தான். இப்படிக் கலந்து வருவதைப் பள்ளிப் பாடத்தின் மூன்று வகைகளுக்குள் அடைக்க முடியாது. ஆனால் எழுத்திலும் பேச்சிலும் இது இயல்பாக வரும்.

தனுஷ்கோடியைப் பற்றி எழுதும்போது இந்தக் கலப்பு வடிவம் தானாகவே வந்து நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்கு முன் அங்கே ரயில் நிலையம் இருந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் போனது. புயலுக்குப் பின் அந்த ஊர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. ‘இஃப் த சைக்ளோன் ஹேட் நாட் ஸ்ட்ரக் இன் 1964, தனுஷ்கோடி வுட் ஸ்டில் பி எ பிஸி டவுன்.’ அந்தப் புயல் அடிக்காமல் இருந்திருந்தால் தனுஷ்கோடி இன்றும் பரபரப்பான ஊராக இருக்கும். புயல் அன்றைக்கு, ஊரின் நிலை இன்றைக்கு.

கேள்வி: ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்பதே சரி. ‘வுட்’ முதன்மைப் பகுதிக்கு உரியது. அமெரிக்கப் பேச்சில் இதைக் கேட்டிருப்பீர்கள்; எழுத்தில் அது அங்கும் பிழையாகவே கருதப்படுகிறது.

கேள்வி: ‘இஃப்’ இல்லாமலே ‘வேர் ஐ’, ‘ஹேட் ஐ’ என்று தொடங்கும் வாக்கியங்களைப் படிக்கிறோம். அவை கேள்வியா?

கேள்வி அல்ல, ‘இஃப்’பை நீக்கிவிட்டு வினையை எழுவாய்க்கு முன் வைத்த நிபந்தனை. எழுத்து நடைக்கு உரியது. ‘இஃப் ஐ வேர் இன் யுவர் பிளேஸ்’ என்பது ‘வேர் ஐ இன் யுவர் பிளேஸ்’ என்று ஆகும். இந்த அமைப்பில் ‘வாஸ்’ வரவே வராது; பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பவர்கள்கூட ‘வாஸ் ஐ இன் யுவர் பிளேஸ்’ என்று சொல்வதில்லை.

1964 புயலில் பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 46 நாளில் சரிசெய்யப்பட்டது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்கும் நிலத்துக்கும் இருந்த ஒரே பாலம் அதுதான். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: ‘ஹேட் த பிரிட்ஜ் நாட் பீன் ரிப்பேர்ட் ஸோ குயிக்லி, ராமேஸ்வரம் வுட் ஹேவ் பீன் கட் ஆஃப் ஃபார் மச் லாங்கர்.’ அவ்வளவு விரைவில் பாலத்தைச் சரிசெய்யாமல் இருந்திருந்தால் ராமேஸ்வரம் இன்னும் நெடுநாள் துண்டிக்கப்பட்டுக் கிடந்திருக்கும். எதிர்மறைச் சொல் ‘நாட்’ எழுவாய்க்குப் பின் தனியே நிற்பதைப் பாருங்கள். ‘ஹேடன்ட் த பிரிட்ஜ்’ என்று சேர்த்து எழுதினால் அது கேள்வியாகிவிடும்.

‘ஷுட் யூ நீட் எனி ஹெல்ப்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். உதவி தேவைப்பட்டால் என்று பொருள். நடக்கக்கூடியதற்கு இது வரும், கற்பனைக்கு அன்று.

கேள்வி: ‘வேர் டு’ என்று வருவது எதற்கு?

நாளை நடக்கலாம், ஆனால் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளுக்கு. ‘இஃப் த சைக்ளோன் வேர் டு டர்ன் டுவர்ட்ஸ் பாம்பன், வி வுட் ஹேவ் டு லீவ் அட் ஒன்ஸ்.’ புயல் பாம்பன் பக்கம் திரும்பிவிடுமானால் உடனே கிளம்ப வேண்டியிருக்கும். திரும்பும் என்று பேசுபவர் நம்பவில்லை. இருந்தாலும் எண்ணிப் பார்க்கிறார். செயலைக் குறிக்கும் வினைகளோடு மட்டும் இது பொருந்தும். ‘இஃப் ஐ வேர் டு நோ ஹிந்தி’ என்பது பொருந்தாது. ‘இஃப் ஐ நியூ ஹிந்தி’ போதும்.

கேள்வி: ‘விஷ்’, ‘அஸ் இஃப்’ ஆகியவற்றுக்குப் பின்?

‘ஐ விஷ் மை ஃபாதர் வேர் ஹியர்.’ அப்பா இங்கே இல்லை; இருந்தால் நன்றாக இருக்குமே. ‘விஷ்’ என்றாலே இல்லாததற்கு ஏங்குவது என்பதால் எழுத்தில் ‘வேர்’. ‘அஸ் இஃப்’ மட்டும் இரண்டு வழியிலும் போகும். ‘ஹி டாக்ஸ் அஸ் இஃப் ஹி வேர் த ஓனர் ஆஃப் த போட்’ என்றால் அவர் படகு முதலாளி இல்லை. ‘இட் லுக்ஸ் அஸ் இஃப் இட் இஸ் கோயிங் டு ரெயின்’ என்றால் மழை மெய்யாகவே வரும்போலிருக்கிறது.

கேள்வி: ‘அன்லெஸ்’, ‘ஈவன் இஃப்’, ‘சப்போஸ்’ ஆகியவற்றுக்கு வேறு விதி உண்டா?

‘ஈவன் இஃப்’, ‘சப்போஸ்’ இரண்டுக்கும் அதே சோதனைதான். ‘அன்லெஸ்’ பெரும்பாலும் நடக்கக்கூடிய நிபந்தனைக்கே வருவதால் அதோடு ‘வேர்’ அரிதாகவே தேவைப்படும்.

கேள்வி: தேவாலயத்தில் ஆங்கிலச் செபத்தின்போது ‘இஃப் இட் பி தை வில்’ என்கிறார்கள். ‘இட் இஸ்’ என்றல்லவா வர வேண்டும்?

இது பிழை அல்ல. மிகப் பழைய மரபு. ஒரு காலத்தில் நடக்கக்கூடிய நிபந்தனைக்கும் சப்ஜங்டிவ் வந்தது. அப்போது ‘இஃப் இட் ரெயின்’, ‘இஃப் ஹி கம்’ என்று எழுதினார்கள். அந்த வழக்கு ஒழிந்துபோனாலும் செபத்திலும் சட்ட நடையிலும் சில நிலைத்த தொடர்களிலும் அதன் தடம் இருக்கிறது. உமக்குச் சித்தமானால் என்ற பொருளில் ‘இஃப் இட் பி தை வில்’. தேவைப்பட்டால் என்ற பொருளில் ‘இஃப் நீட் பி’. எது வந்தாலும் வரட்டும் என்ற பொருளில் ‘கம் வாட் மே’. அது எப்படியும் இருக்கட்டும் என்ற பொருளில் ‘பி தட் அஸ் இட் மே’. இவற்றைப் படித்துப் பொருள் கொள்ளுங்கள், அப்படியே பயன்படுத்துங்கள். ஆனால் இவற்றைப் பார்த்துப் புதிய வாக்கியங்கள் கட்ட வேண்டாம்.

வாழ்த்தில் வரும் ‘லாங் லிவ்’, ‘காட் பிளஸ் யூ’ ஆகியவையும் இந்த வகையே. ‘காட் பிளஸஸ்’ என்று ஏன் வரவில்லை என்று கேட்கும் மாணவருக்கு நம் வியங்கோளை நினைவூட்டுவேன். ‘வாழ்க, வருக, வெல்க’ என்னும் வியங்கோள் வினைமுற்று மூன்று இடத்துக்கும் ஐந்து பாலுக்கும் பொதுவானது. ‘நான் வாழ்க, நீ வாழ்க, அவள் வாழ்க, அவை வாழ்க’ என்று விகுதி மாறாமல் நிற்கும். விருப்பத்தையும் வாழ்த்தையும் சொல்லும் ஆங்கில வடிவமும் அதைப் போலவே எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை.

கேள்வி: மீனவர் சங்கத்துக்காக ஆங்கிலத்தில் மனு எழுதுகிறோம். படகுகளைத் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு ‘த போட்ஸ் ஆர் ரிட்டர்ன்ட்’ என்று எழுதினால் போதுமா?

போதாது, பொருளே மாறிவிடும். இது நிபந்தனை வாக்கியம் அன்று. ஆனால் அதே சப்ஜங்டிவின் மற்றொரு முகம் என்பதாலும், எல்லை தாண்டியதாகக் கைதுசெய்யப்பட்ட மீனவர்களுக்காகவும் பிடிபட்ட படகுகளுக்காகவும் மனு எழுத வேண்டிய நிலை நம் கரையில் தொடர்ந்து வருவதாலும், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

‘டிமாண்ட், ரிக்வெஸ்ட், சஜஸ்ட், ரெக்கமெண்ட், இன்சிஸ்ட்’ ஆகிய வினைகளுக்குப் பின்னும், ‘இட் இஸ் எசென்ஷியல்’, ‘இட் இஸ் நெசசரி’ ஆகிய தொடர்களுக்குப் பின்னும் ‘தட்’ என்று தொடங்கும் பகுதியில், நடக்க வேண்டும் என்று கோருவதற்கு வினையின் அடி வடிவம் வரும். ‘வி ரிக்வெஸ்ட் தட் த போட்ஸ் பி ரிட்டர்ன்ட் அண்ட் தட் எவ்ரி ஃபிஷர்மேன் பி ரிலீஸ்ட்.’ படகுகளைத் திருப்பித் தரவும் ஒவ்வொரு மீனவரையும் விடுவிக்கவும் வேண்டுகிறோம். ‘எவ்ரி ஃபிஷர்மேன்’ ஒருமையாக இருந்தும் ‘இஸ்’ வரவில்லை. சென்ற ஆண்டு கொடுத்த மனுவைக் குறிப்பிட்டு ‘வி ரிக்வெஸ்டட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கினாலும் ‘பி’ மாறாது. எதிர்மறையில் ‘டூ’ என்ற துணைவினை சேராது. ‘தட் ஹி நாட் பி டீடெய்ன்ட்’ என்று ‘நாட்’ முன்னால் வந்தால் போதும்.

இந்த வடிவம் அமெரிக்க ஆங்கிலத்தில் மிகுதி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஷுட்’ சேர்த்து ‘தட் த போட்ஸ் ஷுட் பி ரிட்டர்ன்ட்’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி. ஒரே மனுவில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் நடை சீராக இருக்கும்.

‘இன்சிஸ்ட்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அதற்குப் பின் வரும் வினை வடிவம் மனுவின் பொருளையே தீர்மானிக்கிறது. ‘த மென் இன்சிஸ்ட் தட் த போட் வாஸ் இன்சைட் இண்டியன் வாட்டர்ஸ்’ என்றால், படகு இந்தியக் கடல் எல்லைக்குள்தான் இருந்தது என்று அவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். இது நடந்த செய்தி, ஆகவே இண்டிகேட்டிவ். ‘த மென் இன்சிஸ்ட் தட் த போட் பி ரிட்டர்ன்ட்’ என்றால், படகைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள்; இது கோரிக்கை, ஆகவே சப்ஜங்டிவ். இந்த இரண்டாவது வாக்கியத்தில் ‘பி’க்குப் பதிலாக ‘வாஸ்’ என்று எழுதிவிட்டால், படகு ஏற்கெனவே திருப்பித் தரப்பட்டுவிட்டது என்று மீனவர்களே சாதிப்பதாக ஆகிவிடும். கோரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு நேர் எதிரான ஒப்புதல் வாக்குமூலம் வந்து நிற்கும். ஆகவே மனுவை அனுப்புவதற்கு முன் ‘தட்’ வரும் ஒவ்வொரு வரியையும் தனியே எடுத்து, இது செய்தியா கோரிக்கையா என்று கேட்டுச் சரிபாருங்கள்.

கேள்வி: வேலைக்கான மின்னஞ்சலில் ‘ஐ வில் பி கிரேட்ஃபுல் இஃப் யூ வில்’ என்று எழுதுகிறோம். சரியா?

‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கன்ஃபர்ம் த ஜாய்னிங் டேட்’ என்று எழுதுங்கள். பணியில் சேரும் தேதியை உறுதிசெய்தால் நன்றியுடையவனாவேன் என்று பொருள். நடக்கக்கூடிய ஒன்றுக்கே இங்கே கற்பனை வடிவம் வருகிறது. கேட்பதை உண்மையிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தால், மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேட்டதாகிறது, அதுவே பணிவு. ‘குட்’ இருக்கும் இடத்தில் ‘வுட்’ என்றும் எழுதலாம். இஃப் பகுதியில் ‘வுட்’ வரக் கூடாது என்று மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு; இங்கே ‘வுட்’ என்பது மனம் இசைவதைக் குறிக்கிறது. ‘இஃப் யூ வுட் கைண்ட்லி வெயிட் ஹியர்’ என்று அலுவலக வரவேற்பறையில் சொல்வதும் இதனால்தான் சரி.